மட்டக்களப்பில் மூழ்கிய ஹெர்மீஸும் விராட்டாக வந்த ஹெர்மீஸும் ஒன்றா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நண்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு விமானம் தாங்கிக் கப்பலின் படம் வந்திருக்கிறது. "1942இல் மட்டக்களப்புக் கடலில் ஜப்பான் மூழ்கடித்த ஹெர்மஸ் இதுதான், பிற்பாடு இந்தியா வாங்கி ஐ.என்.எஸ். விராட் ஆக்கியதும் இதைத்தான்" என்று கீழே எழுதியிருக்கிறது. மூழ்கிய கப்பலைத் தூக்கி நிறுத்தி நம் தலையில் கட்டிவிட்டார்களா என்று கேட்கிறார். கூடவே இரண்டு துணைக் கேள்விகள்: இங்கிலாந்துக்காரர்கள் ஏன் கிரேக்கச் சாமியின் பெயரை வைத்தார்கள்? மூழ்கிப்போன கப்பலின் பெயரையே திரும்ப வைப்பது அபசகுனம் இல்லையா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டும் வேறு வேறு கப்பல்கள். 1942இல் மூழ்கியது இன்றைக்கும் மட்டக்களப்புக்கு எதிரே கடலடியில்தான் கிடக்கிறது, யாரும் தூக்கவில்லை. விராட்டாக வந்த கப்பலுக்கு அடிக்கட்டை போட்டு வேலை தொடங்கியதே 1944 ஜூனில். அதாவது முன்னது மூழ்கி இரண்டு வருடம் கழித்து. ஒரே பெயர், ஒரே கடற்படை, இரண்டுமே விமானம் தாங்கி, இரண்டுக்குமே நம் பக்கத்துக் கடலோடு சம்பந்தம். குழப்பம் வந்ததில் ஆச்சரியமில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கடற்படையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவன். தொண்ணூறுகளில் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக விராட்டில் இருந்தேன். அந்தக் கப்பலின் நீராவி எனக்குத் தெரியும். சரித்திரம் ஓய்வுபெற்ற பிறகு ஆர்வத்தில் படித்தது. விமானங்களைப் பற்றி நான் சொல்வதை விமானப் பிரிவில் இருந்த ஒருவர் திருத்தினால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயரிலிருந்து தொடங்குவோம். நாம் ஹெர்மஸ் என்கிறோம், ஆங்கில மாலுமிகள் ஹெர்மீஸ் என்பார்கள். கிரேக்கப் புராணத்தில் சீயஸின் மகன், தேவர்களின் தூதன். செருப்பிலேயே சிறகு உண்டு. வழிப்போக்கர்களுக்கும் வணிகர்களுக்கும் திருடர்களுக்கும் அவன்தான் காவல். பிறந்த அன்றைக்கே அப்போலோவின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவன். வெண்ணெய் திருடிய கண்ணனைத் தெரிந்தவர்களுக்கு இவனைப் பிடித்துப்போகும். இறந்தவர்களின் ஆவியைக் கீழுலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலையும் அவனுடையதுதான். ரோமானியர்கள் அவனை மெர்குரி என்றார்கள்.

பிரிட்டிஷ் கடற்படைக்கு இந்தப் பெயர் வந்த விதமே ஒரு வேடிக்கை. 1796இல் அவர்கள் டச்சுக்காரர்களிடமிருந்து ஒரு சிறிய போர்க்கப்பலைப் பிடித்தார்கள். அதன் பெயர் மெர்குரியஸ். பிரிட்டிஷாரிடம் அப்போதே மெர்குரி என்று ஒரு கப்பல் இருந்தது. ரோமானியப் பெயரைக் கிரேக்கத்துக்கு மாற்றி ஹெர்மீஸ் என்று வைத்தார்கள். அடுத்த வருடமே அது கடலில் காணாமல் போனது. ஆக, இந்தப் பெயரைத் தாங்கிய முதல் கப்பலே மூழ்கிய கப்பல்தான். அபசகுனம் பார்ப்பவர்களாக இருந்தால் அப்போதே விட்டிருக்க வேண்டும். அவர்கள் விடவில்லை. 1811இல் கடலில் இறக்கிய ஒரு ஹெர்மீஸை 1814 செப்டம்பரில் அமெரிக்காவின் மொபைல் குடாவில் தரைதட்டிய நிலையில் அவர்களே கொளுத்திவிட வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்; 1852 பர்மா போரில் ரங்கூன் பக்கம் இருந்தது இதுதான்.

அன்றைக்குப் படித்த ஆங்கிலேயன் என்றால் பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் படித்தவன். நம் பெரியவர்களுக்குப் பாரதக் கதை எப்படியோ, அவர்களுக்கு ஹோமர் அப்படி. அர்ஜுனன், பீமன் என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பவர் புராண நம்பிக்கையை எடைபோட்டுப் பார்த்தா வைக்கிறார்? அஜாக்ஸ், அகிலீஸ், அகமெம்னான், செண்டார், மினோட்டார் என்று பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து வரிசையாக வைத்தார்கள். போப், அரசர், புனிதர் யாரையும் தொடாத பெயர்கள் என்பது ஒரு வசதி. ஆட்சி மாறினாலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயரை வைத்தது மேலே இருந்தவர்கள். கப்பலில் கயிறு இழுத்தவனுக்குக் கிரேக்கம் எங்கே தெரியும்? பெல்லரோபோன் அவன் வாயில் 'பில்லி ரஃபியன்' ஆனது, அகமெம்னான் 'எக்ஸ் அண்ட் பேக்கன்' ஆனது. முட்டையும் பன்றிக்கறியும்! விராட்டில் நாங்கள் யாரும் கப்பலை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மதர்' என்றுதான் சொல்வோம்.

இனி விமானத்துக்கு வருகிறேன். சிறகுள்ள தூதன் என்பதால்தான் விமானம் தாங்கிக்கு இந்தப் பெயரை வைத்தார்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வரிசை அப்படி இல்லை. 1898இல் ஹெர்மீஸ் என்று ஒரு குரூசரை, அதாவது வேகமான போர்க்கப்பலை, கடலில் இறக்கினார்கள். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903இல். பெயர் வைத்தபோது விமானம் என்ற பொருளே உலகில் கிடையாது. அந்தக் குரூசரைத்தான் 1913இல் கடல் விமானங்களை ஏற்றிச் செல்ல மாற்றினார்கள். சிறகை மடக்கிவைக்கிற, ஷார்ட் என்ற நிறுவனத்தின் விமானத்தை அதில் வைத்துச் சோதனை செய்தார்கள். அடுத்த வருடம் போர் வந்தது. 1914 அக்டோபர் 31 அன்று டோவர் நீரிணையில் யூ-27 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அதை டார்பிடோ போட்டு மூழ்கடித்தது. கடற்படை விமானத்தின் முன்னோடிக் கப்பல் என்ற நினைவு இருந்ததால், 1918இல் புதிதாகக் கட்டத் தொடங்கிய விமானம் தாங்கிக்கு அந்தப் பெயரையே எடுத்தார்கள். சிறகு தற்செயலாகப் பொருந்தியது.

அந்த 1918 ஹெர்மீஸ்தான் மட்டக்களப்பில் கிடப்பது. 'உலகின் முதல் விமானம் தாங்கி' என்று இதைச் சொல்வது பாதி சரி. அதற்கு முன்பே வேறு வேலைக்குக் கட்டிய கப்பல்களின் மேல் தளம் போட்டு விமானம் ஏற்றியிருக்கிறார்கள். விமானம் தாங்கியாகவே வரைந்து அடிக்கட்டை போட்ட முதல் கப்பல் ஹெர்மீஸ். ஆனால் வேலை இழுத்துக்கொண்டே போனது. 1919இல் கடலில் இறக்கினாலும், அது சேவைக்கு வருவதற்குள் ஜப்பான் தன் ஹோஷோவை 1922 டிசம்பரில் முடித்துவிட்டது. முதலில் தொடங்கியவர் ஒருவர், முதலில் முடித்தவர் இன்னொருவர். பின்னால் இந்தக் கப்பலை மூழ்கடித்ததும் ஜப்பான்தான். நீளம் சுமார் 183 மீட்டர், எடை 11,000 டன் அளவு, இருபது விமானங்கள் கொள்ளும். தீவு என்று நாங்கள் சொல்கிற கட்டளை மாடத்தை வலது ஓரத்தில் ஒதுக்கி, தளத்தை முழு நீளத்துக்கு விடுகிற வடிவம் இன்றைக்கு எல்லா விமானம் தாங்கியிலும் பார்க்கிறோமே, அதற்கு முன்மாதிரிகளில் இதுவும் ஒன்று.

1942 ஏப்ரலில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை, ஐந்து விமானம் தாங்கிகளோடு, இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பைத் தாக்கியது. அன்றே கடலில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர்கள் போயின. ஹெர்மீஸ் அப்போது திருகோணமலையில். மடகாஸ்கர் படையெடுப்புக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் இருக்க வேண்டிய 814ஆம் ஸ்குவாட்ரனின் ஸ்வார்டுஃபிஷ் விமானங்கள் கரையில் நின்றன. 8ஆம் தேதி எச்சரிக்கை வந்ததும், துறைமுகத்தில் நின்றால் அடிபடும் என்று இரவோடு இரவாகக் கிளம்பிக் கரையோரமாகத் தெற்கே போனது. தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. துணைக்கு வாம்பயர் என்ற ஆஸ்திரேலிய டிஸ்ட்ராயர் மட்டும். 9ஆம் தேதி காலை ஜப்பானிய வேவு விமானம் ஒன்று பார்த்துவிட்டது. திருகோணமலைக்குத் திரும்பு, விமானப் பாதுகாப்புக்குள் வா என்று கப்பலுக்கு உத்தரவு வந்தது. நேரம் போதவில்லை. பத்தரை மணிக்கு மேல் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுகிற விமானங்கள் வந்தன. இருபது நிமிடம் போலத்தான். பதினொரு மணிக்குள் கப்பல் இல்லை. கேப்டன் ஆன்ஸ்லோவோடு சேர்த்து 307 பேர் செத்தார்கள். வாம்பயரும் போனது, ஹாலிஹாக் என்ற சிறிய காவல் கப்பலும் இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் போயின. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் பக்கத்தில் இருந்தது ஒரு புண்ணியம். சுமார் 600 பேரைத் தண்ணீரிலிருந்து ஏற்றிக்கொண்டது.

நாற்பது குண்டுகள் பட்டன என்று ஒரு கணக்கு எங்கும் எழுதப்படுகிறது. அதை விமானிகளின் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புகைக்குள் முங்கிய கப்பலில் ஒரே வெடிப்பை மூன்று பேர் தன்னுடையது என்று எண்ணுவது எல்லாப் போரிலும் நடப்பது. கப்பலின் அளவுக்கு அதில் கால்வாசி பட்டாலே போதும்.

அந்த வாரத்தில்தான் மெட்ராஸ் காலியானது. ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது நாம்தான் என்று ஊரே மூட்டை கட்டியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின, மிருகக்காட்சி சாலையில் ஆபத்தான விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் பாட்டி அந்தக் காலத்தை 'எவாக்குவேஷன் வருஷம்' என்பார். அவருக்கு ஹெர்மீஸ் என்ற பெயர் தெரியாது. ஜப்பான்காரன் வருகிறான் என்பது மட்டும் தெரியும்.

இரண்டாவது கப்பலின் கதையில் ஒரு யானை வருகிறது. பிரிட்டிஷார் போர்க்காலத்தில் செண்டார் வகை விமானம் தாங்கிகளைக் கட்டத் தொடங்கினார்கள். அவற்றில் ஒன்றுக்கு ஹெர்மீஸ் என்று பெயர் ஒதுக்கியிருந்தார்கள். பாரோ-இன்-ஃபர்னஸ் தளத்தில் கட்டிக்கொண்டிருந்த இன்னொன்றின் பெயர் எலிஃபண்ட். 1945இல் போர் முடிந்ததும் முதலாவதை ரத்து செய்தார்கள். பெயர் வீணாகக் கூடாது என்று எலிஃபண்டை ஹெர்மீஸ் ஆக்கினார்கள். (பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இப்படி ஒன்று உண்டு. எலிஃபண்ட் என்று தொடங்கிய ஒரு இரும்புக் கப்பல் மினோட்டார் ஆனது. ஏற்கெனவே மினோட்டாராக இருந்த பழைய மரக்கப்பல் 1866இல் ஹெர்மீஸ் ஆனது. யானைக்கும் இந்தக் கிரேக்கர்களுக்கும் என்ன பகையோ.) இதனால்தான் எத்தனை ஹெர்மீஸ் என்று கேட்டால் நேராக ஒரு எண் சொல்ல முடியாது. பெயர் மாறி வந்ததையும் பாதியில் நின்றதையும் சேர்ப்பீர்களா, விடுவீர்களா என்பதைப் பொறுத்து எண் மாறும்.

ஒரு கொசுறு. எல்லா ஹெர்மீஸும் பிரிட்டனுடையது அல்ல. கிரேக்கக் கடற்படைக்காக ஸ்காட்லாந்தில் கட்டிய ஒரு டிஸ்ட்ராயரை 1941இல் ஜெர்மானியர்கள் பிடித்து, ஹெர்மீஸ் என்றே பெயர் சூட்டி ஓட்டினார்கள். அது 1943 ஏப்ரலில் ஸ்ப்ளெண்டிட் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கியை மூழ்கடித்தது. பிரிட்டன் கட்டியது, கிரேக்கர் வாங்கியது, ஜெர்மானியர் பறித்துக் கிரேக்கச் சாமி பெயரை வைத்துப் பிரிட்டனையே அடித்தது. அடுத்த மாதமே துனிஸ் பக்கம் அதையும் மூழ்கவிட்டார்கள்.

சரி, நம் எலிஃபண்ட். 1953இல் கடலில் இறக்கி, 1959 நவம்பரில் சேவைக்கு வந்தது. முழுச் சுமையில் 28,700 டன். மட்டக்களப்புக் கப்பலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1982இல் அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போரில் இதுதான் தலைமைக் கப்பல். போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பியது ஏப்ரல் 5. கொழும்புத் தாக்குதலுக்குச் சரியாக நாற்பது வருடம். தேதி பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு, அவ்வளவுதான், அதில் பொருள் எதுவும் இல்லை. அந்தப் போரில் எதிர்ப்பக்கம் மூழ்கிய ஜெனரல் பெல்கிரானோவும் முன்பு அமெரிக்காவின் ஃபீனிக்ஸ்தான். அதுவும் கிரேக்கக் கதைப் பறவை.

1986இல் இந்தியா வாங்கியது. டெவன்போர்ட்டில் பழுது பார்த்து, 1987 மே 12 அன்று விராட் ஆனது. நமக்கு வந்த கிரேக்கர் இவர் ஒருவர் மட்டும் அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் விக்ராந்த், ஹெர்குலிஸ் என்ற பெயரில் கட்டப்பட்ட கப்பல். 1948இல் வந்த ஐ.என்.எஸ். டெல்லி, 1939இல் ரிவர் பிளேட் சண்டையில் ஜெர்மனியின் கிராஃப் ஷ்பே என்ற போர்க்கப்பலை விரட்டிய அகிலீஸ். நம் கடற்படையின் முதல் முப்பது நாற்பது வருடப் பெரிய கப்பல்களைத் தட்டிப் பார்த்தால் உள்ளே ஹோமர் சத்தம் கேட்கும்.

விராட்டின் பாய்லர் அறையில் எனக்கு நினைவிருப்பது வெப்பம், அப்புறம் பித்தளைத் தகடுகள். நான்கு பாய்லர், இரண்டு சுழலி (டர்பைன்), 76,000 குதிரைத்திறன். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் நாங்கள் தேய்த்துத் தேய்த்து எழுத்தே மங்கிப்போன ஒரு தகடு. என்னைப் பழக்கிய மூத்தவர் ஒருவர், "தம்பி, இவளோட அக்கா மட்டக்களப்புல கிடக்கறா, அவ இரும்பு கொஞ்சம் இதுல இருக்கு" என்பார். முதல் பாதி உண்மை, அக்கா என்பதைப் பெயர் வழிச் சொந்தமாக எடுத்துக்கொண்டால். இரும்புக் கதைக்கு வழியே இல்லை. மூழ்கியது மூழ்கின இடத்தில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தியும் இதே மாதிரி மெஸ் பேச்சிலிருந்து கிளம்பியதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அபசகுனக் கேள்விக்கு வருகிறேன். கடற்படையில் பெயரோடு கூடவே முந்தைய கப்பல்கள் பெற்ற போர் விருதுகளும் வந்து சேரும். பெயரை விட்டுவிட்டால் செத்தவர்களின் கணக்கும் அதோடு முடிந்துவிடும் என்று நினைப்பார்கள். நமக்கு இது புதிதா என்ன? தாத்தா பெயரைச் சுமப்பதால்தானே பெயரன், பேரன் என்கிறோம். தாத்தா எப்படிச் செத்தார் என்று பார்த்தா வைக்கிறோம்? நம் கடற்படையும் இதையே செய்தது. 1971 டிசம்பர் 9 அன்று 18 அதிகாரிகளோடும் 176 மாலுமிகளோடும் மூழ்கிய குக்ரி என்ற போர்க்கப்பலின் பெயரை 1989இல் புதிய கப்பலுக்கு வைத்தார்கள். மாலுமிகள் நிஜமாகவே பயப்படுவது வேறு ஒன்றுக்கு: ஓடுகிற கப்பலின் பெயரை மாற்றுவதற்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் எலிஃபண்ட், ஹெர்மீஸ், விராட் என்று மூன்று பெயர் கண்ட கப்பல் சீக்கிரமே போயிருக்க வேண்டும். அது 2017 மார்ச் 6 வரை இருந்தது. இந்தியக் கொடியின் கீழ் மட்டும் 2,250 நாள் கடலில், 5,88,287 கடல் மைல்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று பேச்சு வந்து வந்து போனது. 2020 செப்டம்பரில் குஜராத்தின் ஆலங்கில் உடைக்கக் கரையேற்றினார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. ஏப்ரலில் வழக்கு முடிந்தபோது பெரும் பகுதியை ஏற்கெனவே அறுத்திருந்தார்கள். இருபது நிமிடத்தில் மூழ்கிய கப்பல் எண்பது வருடம் கழித்தும் இருக்கிறது. இரண்டு நாட்டுக்கு ஐம்பத்தேழு வருடம் உழைத்த கப்பல் இல்லை. நீங்கள் ஒரு ஹெர்மீஸைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் இன்றைக்கு மட்டக்களப்புக்குத்தான் போக வேண்டும்.

நான் போனேன், ஓய்வுக்குப் பிறகு ஒருமுறை. முக்குளிக்கத் தெரியாது, அதுவும் அந்தக் கப்பல் ஐம்பது மீட்டருக்கும் கீழே. சாதாரணப் பயிற்சி பெற்றவர்களுக்கே எட்டாத ஆழம். கல்லடிக் கரையில் ஒரு படகுக்காரர் கையை நீட்டிக் காட்டினார். "அந்தப் பக்கம்தான் ஐயா. மீன் நல்லா நிக்கும். வலை சிக்கினா அறுத்துப்போட்டுத்தான் வரவேணும்." தண்ணீரில் தெரிவதற்கு ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

கடைசியாக, நண்பரே, உங்களுக்கு வந்த படம். முன்பக்கத் தளம் பனிச்சறுக்கு மேடை மாதிரி மேல் நோக்கி வளைந்திருக்கிறது பாருங்கள். சீ ஹாரியர் போர் விமானம் எழும்புவதற்காகப் போட்ட அந்த 12 டிகிரி வளைவு 1981இல் பழுதுபார்ப்பு முடிந்தபோதுதான் ஹெர்மீஸுக்கு வந்தது. மட்டக்களப்புக் கப்பலின் தளம் தட்டையானது. வலது ஓரத்தில் உயரமான ஒற்றைப் புகைபோக்கியும், முக்காலி மாதிரி ஒரு கொடிமரமும் நிற்கும். பார்வர்டு செய்தவருக்கு அந்த வளைவை மட்டும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.